தொட்டியை மீறி வளர்ந்துவிட்ட பழைய ஆர்கிட் செடியைக் காப்பாற்ற முடியுமா?

பல ஆண்டுகள் கவனிப்பின்றிக் கிடந்த ஆர்கிட் செடி இலைகளை உதிர்த்து, தொட்டிக்கு வெளியே வேர்விட்டு நிற்கிறது என்றும், உடனே தொட்டி மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகக் காப்பாற்றலாம், ஆனால் புதுக் குருத்தின் அடியில் பச்சை நுனியுடன் புதுவேர் தலைகாட்டும்வரை தொட்டியில் கைவைக்காதீர்கள்.

என் பெரியம்மா கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்த் தங்கியபின், அவருடைய சென்னை வீட்டு மாடிப்படியோரம் தொங்கிய டென்ட்ரோபியம் என்னும் ஆர்கிட் வகைச் செடி 4 ஆண்டுகள் மழையையும், பக்கத்து வீட்டார் நினைத்தபோது ஊற்றிய தண்ணீரையும் நம்பியே உயிர் வாழ்ந்தது. நான் எடுத்துவந்தபோது 4 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் 17 தண்டுகள் நெருக்கியடித்து நின்றன. 11 தண்டுகளில் ஓர் இலைகூட இல்லை. வேர்களோ தொங்கவிட்ட கம்பியையே சுற்றிப் பிடித்திருந்தன.

வேர் வெளியே வருவது நோயன்று. மரக்கிளையைப் பற்றி வாழும் இச்செடியின் வேரைச் சுற்றி வேலமென் என்னும் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. அதற்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகள் நாளடைவில் மக்கிப் பொடியாகி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் உள்வேர்கள் மூச்சுத் திணறி அழுகுகின்றன. புதுவேர் கிளம்பாத நேரத்தில் பிரித்தெடுத்தால், பழைய வேர்கள் முறிந்துபோய், நீர் உறிஞ்ச வழியின்றித் தண்டுகள் சுருங்கிவிடும். நான் 5 வாரம் காத்திருந்தேன். அதுவரை காலை வெயில் படும் இடத்தில் வைத்து, வெளிவேர்களுக்கு மட்டும் தினமும் நீர் தெளித்தேன். வெள்ளி நிறத்தில் இருக்கும் வேர் நனைந்ததும் பச்சையாக மாறினால் அது உயிரோடு இருக்கிறது.

ஜூன் தொடக்கத்தில், வேர்கள் இளகுவதற்காகத் தொட்டியை அரை மணி நேரம் நீரில் அமிழ்த்திவைத்துவிட்டு, செடியை இழுக்காமல் பிளாஸ்டிக்கையே கத்தரிக்கோலால் வெட்டினேன். உள்ளே கறுத்த கூழ், புளித்த வாடை. வேர்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தேன்: நல்ல வேர் கெட்டியாக இருந்தது, அழுகிய வேரின் மேல்தோல் அப்படியே வழுகி வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. அவற்றை வெட்டிவிடுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்பு தீயில் காட்டுவது அவசியம். வைரஸ் நோய் வெட்டுக்கருவி வழியாகவே பெரும்பாலும் பரவுகிறது.

இலையற்ற தண்டுகளை மொட்டை என்று வெட்டி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. நீரும் உணவும் சேமித்து வைத்திருக்கும் அவைதாம் புதுக் குருத்துக்குப் பால் கொடுக்கின்றன. பழுப்பேறி உள்ளீடின்றிப் போன 3 தண்டுகளை மட்டும் நீக்கிவிட்டு, மீதி 14 தண்டுகளை 5, 5, 4 எனப் பிரித்தேன். ஒரு கொத்தில் மூன்று தண்டுகளுக்குக் குறையக் கூடாது. (உங்களுடையது ஃபெலனாப்சிஸ் என்னும் ஆர்கிட் வகை என்றால் அது ஒற்றைத் தண்டாக வளர்வது, பிரிக்கும் பேச்சே வேண்டாம்.)

பெரிய தொட்டி கூடாது. வேர் அடங்கி, ஓரிரு ஆண்டு வளர்ச்சிக்கு இடமிருந்தால் போதும். பக்கவாட்டில் துளையுள்ள மண்தொட்டியில் கட்டைவிரல் அளவுக் கரித்துண்டும் செங்கல் துண்டும் இட்டேன். மண் ஒரு பிடிகூட ஆகாது. தண்டின் அடி புதையாமல் மேலேயே அமர வேண்டும். பிறகு தண்டுகளைக் குச்சியில் அசையாமல் கட்டுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான்: செடி காற்றில் ஆடினால், மென்மையான வேர்நுனி கரியில் உரசி நின்றுவிடும்.

வெட்டுக்காயம் உலரும்வரை நான்கு நாள் நீர் ஊற்றவில்லை. நிழலில் வைத்து இலைமீது மட்டும் தெளித்தேன். புதுவேர் 2 அங்குலம் நீண்ட பிறகே, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒருமுறை தொடங்கினேன். முதல் மாதம் இரண்டு இலைகள் மஞ்சளாகி விழுந்தன. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த பிப்ரவரியில் முதல் பூங்காம்பு, நான் வெட்டாமல் விட்ட ஒரு மொட்டைத் தண்டின் நுனியிலிருந்துதான் வந்தது. அந்தக் கொத்தைத் தொட்டியோடு கோயம்புத்தூருக்கு எடுத்துச்சென்று பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.