பறவை வலசையைப் பார்க்க ஏன் குட்டித் தீவுகளுக்குப் போகிறார்கள்? சென்னையிலேயே பார்க்க வழி உண்டா?

தீவில் பறவை அதிகம் என்று யாரும் போவதில்லை. வந்த பறவைக்கு அங்கே ஒளிய இடமில்லை, அதற்காகத்தான் போகிறார்கள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று ஒரு தீவு. நான் போனதில்லை, படித்ததுதான். நீளம் 5 கி.மீ.கூட இருக்காது. கல் சுவர், வாய்க்கால், கொஞ்சம் காய்கறிப் பாத்தி. மரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சின்னக் குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும். கிளம்பும்போது வானம் தெளிவாக இருக்கும். நடுக்கடலில் எதிர்க்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால், விடியற்காலையில் கண்ணில் படும் முதல் தரையில் இறங்கித்தான் ஆகவேண்டும். சைபீரியாவிலிருந்து வரும் ஆறேழு கிராம் இலைக்கதிர்குருவியைக் காட்டில் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். ஃபேர் ஐலில் அது சுவர் ஓரம் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். வானிலை நன்றாக இருந்தால் எல்லாம் தலைக்கு மேலேயே போய்விடும், தீவு காலி!

வட கடலில் ஹெலிகோலாந்து தீவுக்கு 1837-ல் படம் வரையப் போன கேட்கே என்பவர், அங்கேயே தங்கி ஐம்பது வருடம் பறவைக் கணக்கு எழுதினார். 1910-ல் அங்கே ஆய்வு நிலையமே வந்துவிட்டது.

நம் பக்கம், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். மனோலித் தீவுப் பக்கம் பூநாரையும் உள்ளானும் நிறைய இறங்கும். ஆனால் அது கடல்சார் தேசியப் பூங்கா, நினைத்தபோது போய்க் காலை வைக்க முடியாது. அங்கே கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைகளுக்கு அதுதான் நல்லது.

சரி, சென்னைக்கு வருவோம். ஃபேர் ஐல் போல இங்கே இலையுதிர்காலத்தைத் தேடாதீர்கள். புரட்டாசி, ஐப்பசிதான் கணக்கு. நீர் வடியும் நேரத்தில் அடையாறு முகத்துவாரத்து மணல் திட்டைப் பார்த்தால் உப்புக்கொத்திகள் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, ராத்திரி மழை பெய்து விட்ட காலையில் மொட்டை மாடிக்கு ஏறுவது. சுற்றிலும் கட்டடம், நடுவே நாலு மரம் என்றால், களைத்து வந்த பறவை வேறு எங்கே போகும்?

அப்படி ஓர் ஐப்பசிக் காலை. மாடியில் துணி எடுக்கப் போன அம்மா அங்கிருந்தே கூப்பிட்டார்: "டேய், கலர் அடிச்ச கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கு, காக்கா கொத்த வருது!"

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வால் என்று பேருக்கு ஒரு துண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. இந்த மாதங்களில் சென்னை வீடுகளுக்குள் இப்படி விழுந்து கிடப்பது புதிதல்ல. கையில் எடுத்தபோது பறக்கக்கூட முயலவில்லை. கண்ணை மட்டும் மூடி மூடித் திறந்தது.

உங்கள் வீட்டிலும் வந்தால் இதைத்தான் செய்யுங்கள்: ஓட்டை போட்ட செருப்பு அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, இருட்டான அறை. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கத்து வீட்டுப் பையன் செல்ஃபி எடுக்க மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் அம்மா விரட்டினார். அடிபட்டிருந்தால் வனத்துறையைக் கூப்பிட வேண்டியிருக்கும். எங்களுடையதற்கு வெறும் களைப்பு. காக்கைகள் அடைந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். இரண்டு நிமிடம் அசையவில்லை. அப்புறம் விருட்டென்று எதிர்க் குடியிருப்பின் கொல்லைப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் அங்கிருந்து இரட்டை விசில் சத்தம். அம்மா காபி டம்ளரோடு என்னை எழுப்பினார்: "உன் கோழிக்குஞ்சு கத்துது, போய்ப் பாரு."