முதியோர் சுகாதாரக் கொள்கையில் பங்கெடுக்க மருத்துவப் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்கள் முதியோருக்கு வைத்தியம் பார்த்தால் போதாதா? கொள்கை வகுக்கவும் அவர்களைப் பழக்க வேண்டுமா?

கட்டாயம் பழக்க வேண்டும். நீலகிரி மலையில் கோத்தகிரி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். முழங்கால் வலியையும் பக்கவாதத்தையும் எப்படிப் பார்ப்பது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்ததை அரசாணை எழுதுகிறவரின் மேசைவரை கொண்டுபோவது எப்படி என்று சொல்லித்தரவில்லை.

முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டம் 2010-11இல் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாராந்திர முதியோர் கிளினிக், மாவட்ட மருத்துவமனையில் 10 படுக்கை வார்டு என நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால் சோலூர்மட்டம் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, பஸ் நிற்கும் இடத்துக்கு வரவே செங்குத்தான பாதையில் ஏற வேண்டும். "ஏறிக்கூட வந்துருவேன் பாப்பா, திரும்ப இறங்கத்தான் முடியல" என்றார். தேய்ந்த மூட்டுக்கு இறக்கம்தான் பெரிய வேதனை. கிளினிக் பதிவேட்டில் வந்தவர்களை எழுதுகிறோம். வராத பாட்டிக்கு அதில் கட்டமே கிடையாது. மாதக் கடைசியில் மேலே போவது அந்த எண்ணிக்கைதான். கூட்டம் குறைவு, அப்படியானால் தேவையும் குறைவு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அவர் கைக்கு வந்தது அந்தத் தாள் மட்டும்தானே!

அதனால் பயிற்சியில் முதல் பாடம் வராதவர்களை எண்ணுவதாக இருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர், துணையில்லாமல் படி இறங்க முடியாதவர்கள் யார், கிளினிக் முடிந்து அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? கிராம சுகாதார செவிலியருக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலருக்கும் இதெல்லாம் மனப்பாடம். அதை இரண்டு பக்க அறிக்கையாக்கி, இன்ன மாற்றம் செய்தால் இவ்வளவு செலவாகும், இந்தத் தலைப்பில் நிதி கேட்கலாம் என்று எழுதத் தெரிய வேண்டும். அங்கேதான் நாங்கள் திணறுகிறோம்.

மலைக்கென்று விதியை மாற்ற மாட்டார்கள் என்பார்கள் சிலர். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களே! ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 20,000 பேர் என்பது அளவு. துணை சுகாதார நிலையத்துக்கு முறையே 5,000, 3,000. நிலத்துக்குக் கணக்கு மாறும்போது, ஊரில் மூத்தவர்கள் அதிகம் என்பதற்கும் மாறலாம்.

அடுத்து, திட்டங்களை வரி வரியாகப் படிக்கும் பழக்கம். 70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய உதவிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடைப்பது. காது மந்தம், மறதி, மூட்டு வலிக்கெல்லாம் மாதாமாதம் வெளிநோயாளியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அப்புறம், காலமெல்லாம் கொழுந்து பறித்த விரல்களில் ரேகை சரியாக விழாது. காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் இடத்தில் கைரேகைக்குப் பதில் வேறு வழியும் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் களத்தில் இருப்பவர்கள்தான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு ஃபெலோஷிப் இருக்கிறது. முதியோர் துறையில் அனுபவமுள்ள டாக்டர்கள், நர்ஸ்கள், சமூகப் பணியாளர்கள் போன்றவர்களை நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும் அரசுத் துறைகளிலும் உட்காரவைத்து, சட்டம் எப்படி உருவாகிறது என்று பழக்குகிறார்கள். நம்மிடமும் முன்னோடி இல்லாமல் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோருக்கென்று புறநோயாளி பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வி.எஸ். நடராஜன். அங்கிருந்து தனித் துறை வந்தது, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்தது.

ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர்களையும் எங்களைப் போன்ற களப்பணியாளர்களையும் சேர்த்து, சில வாரம் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் லைன் வீடுகளிலும், சில வாரம் கலெக்டர் அலுவலகத்திலும் சுகாதாரத் துறை அலுவலகத்திலும் வேலை பழகவைக்கலாம். முடிவில் ஆளுக்கொரு அறிக்கை, அதை அதிகாரிகள் முன் பேசி நிலைநாட்ட வேண்டும். நீங்கள் இந்தத் துறையில் இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிராம சபைக்கு வராதவர்களின் பட்டியலோடு போங்கள், கிளினிக் நேரத்தை பஸ் நேரத்தோடு பொருத்தச் சொல்லி ஒரு தீர்மானம் கேளுங்கள்.