மாமியார் ஆயும் மீனுக்குக் கூலி எவ்வளவு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் நான்கு வருடமாக மதியச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். மீன் குழம்புக்காகத்தான் கூட்டம் வருகிறது. மாதம் நாலரை லட்சம் வியாபாரம். வாடகை, மீன், மளிகை, இரண்டு பேர் சம்பளம், வரி எல்லாம் போக 75,000 ரூபாய் நிற்கிறது. ஜிஎஸ்டியில், சின்ன வியாபாரிகள் மொத்த வியாபாரத்தில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். பெரம்பூரிலிருந்து ஒருவரும் திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண்ணும் எங்கள் கடைப் பேரில் ஃபிரான்சைஸ் கேட்கிறார்கள். எங்கள் பேரை வைத்து நடத்துவதற்கு வியாபாரத்தில் 6 சதவீதம் ராயல்டி என்று பேச்சு. பெரம்பூர்க்காரர் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தே விட்டார். மூத்தவள் இரண்டாம் வகுப்பு, சின்னவனுக்கு எட்டு மாதம். பிரசவமான நாற்பதாம் நாளே கடைக்கு வந்துவிட்டேன். கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை முடித்து காசிமேட்டில் மீன் எடுத்து வருவார். மாமியார் மீன் ஆய்ந்து தருவார், குழந்தையையும் பார்ப்பார். "இருக்கிறது போதாதா, பிள்ளையைப் பாரு" என்கிறார். நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். எனக்கு ஆசை அதிகமா?
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை.

பதில்: அன்புச் சகோதரி, ஆசை அதிகம் இல்லை. நாலு வருடத்தில் ஒரு கடையை நாலு பேர் தேடி வரும்படி செய்தவருக்கு அடுத்தது என்ன என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த 75,000 ரூபாயைப் பற்றி முதலில் பேசவேண்டும். அது லாபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அடுப்படியில் மாஸ்டராக நிற்பது நீங்கள். உங்களுக்குச் சம்பளம் போட்டிருக்கிறீர்களா? மாமியார் ஆயும் மீனுக்குக் கூலி? தூக்கம் கெட்டு ஏலத்தில் நின்று மீன் எடுத்து வரும் கணவருக்கு? பெரம்பூர்க்காரரிடம் உங்கள் மாமியார் கிடையாது. அவர் எல்லாவற்றுக்கும் ஆள் போட வேண்டும். மாஸ்டருக்கு 25,000, மீன் சுத்தம் செய்ய 12,000, வாங்கி வர 10,000 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 47,000 போய்விட்டது. மிச்சம் 28,000. நாலரை லட்சத்தில் 6 சதவீதம் ராயல்டி 27,000. உங்கள் அளவுக்கே அவருக்கு வியாபாரம் நடந்தாலும் மாதக் கடைசியில் அவர் கையில் 1,000 ரூபாய். கடை போட்ட கடனுக்கு வட்டி கட்டக்கூட அது காணாது. ஆறே மாதத்தில் அவர் மலிவு மீனுக்கு இறங்குவார், கெடுவது உங்கள் பேர்.

வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாத பழக்கம் நம் சின்னக் கடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு கடை வரைக்கும் அது வெளியே தெரியாது. இன்னொருவர் கைக்குக் கொடுக்கப் போகும்போதுதான் தெரியும். அதனால் இந்த மாதமே உங்களுக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் சம்பளம் எழுதுங்கள். எழுதுவதோடு நிற்காமல் கொடுங்கள்.

மாமியார் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கூடை கூடையாகச் சங்கராவும் நெத்திலியும் ஆய்ந்துவிட்டு, தவழ்கிற பிள்ளை பின்னால் ஓட அந்த வயதில் எத்தனை நாள் முடியும்? "போதாதா" என்று அவர் கேட்பதில் உங்கள் ஆசையைப் பற்றிய குறையைவிட அவருடைய இடுப்பு வலி அதிகமாக இருக்கலாம். காசிமேட்டிலேயே கூலிக்கு மீன் வெட்டிச் சுத்தம் செய்து தரும் பெண்கள் இருக்கிறார்கள். நாளையிலிருந்து அங்கேயே ஆய்ந்து வாங்கி வரக் கணவரிடம் சொல்லுங்கள். மாமியார் பேரன் பேத்தியோடு மட்டும் இருக்கட்டும். அந்தச் செலவைச் சேர்த்தும் கடை நிற்கிறதா என்று பாருங்கள். பிரான்சைஸ் கொடுக்கலாமா என்பதற்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

நாற்பதாம் நாள் கடைக்கு வந்ததை எழுதியிருந்தீர்கள். படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2017-இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. சொந்தக் கடைக்காரிக்கு அதெல்லாம் யாரும் தரமாட்டார்கள். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி நான் உங்களைக் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்காரச் சொல்ல மாட்டேன். நீங்கள் நிற்காத நேரத்திலும் குழம்பு அதே ருசியில் வருகிற மாதிரி கடையை மாற்றுங்கள் என்பேன். சின்னவனுக்கு வேண்டியதும் அதுதான், ஃபிரான்சைஸுக்கு வேண்டியதும் அதுதான்.

எப்படி? மசாலாவில் ஆரம்பியுங்கள். இப்போது கை அளவில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தராசு வைத்து கிராமில் எழுதுங்கள். புளி எவ்வளவு, பத்து கிலோ மீனுக்குக் குழம்பு எத்தனை லிட்டர், எவ்வளவு நேரம் கொதி, எல்லாம் நோட்டில் ஏறட்டும். அப்புறம் ஒரு ஆளைப் பழக்கி, வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் அடுப்புப் பக்கமே போகாதீர்கள். வாடிக்கையாளர் வித்தியாசம் கண்டுபிடித்தால் நோட்டைத் திருத்துங்கள். யாரும் கண்டுபிடிக்காத நிலை வந்ததும் இரண்டு நாளை நான்கு நாளாக்குங்கள். அந்த நாட்களில் கல்லாவிலும் உட்கார வேண்டாம், வீட்டில் பிள்ளைகளோடு இருங்கள். இது மூன்று மாதம் நடக்கட்டும்.

சென்னையில் 2000-இல் வீணா குமரவேல் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம் ஃபிரான்சைஸ் முறையில்தான் ஊர் ஊராகப் பரவியது. கிளை எடுத்து நடத்துகிறவர்களில் பெண்களும் நிறைய. நம்மால் ஆகுமா என்ற சந்தேகமே வேண்டாம். ஆனால் முடி வெட்டுவதற்கு மழைக்காலம் வெயில்காலம் கிடையாது, மீனுக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது வஞ்சிரம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியும். புரட்டாசியில் பாதிக் கூட்டம் வராது, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். நீங்கள் நாலு வருடம் சமாளித்துப் பழகிவிட்டீர்கள். புதிதாக வருகிறவர் அந்த 61 நாளில் தட்டு என்ன விலைக்குக் கொடுப்பார், ராயல்டி அப்போதும் அதேதானா என்பதை இப்போதே பேசி எழுத வேண்டும். பெரம்பூர்க்காரரிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா? பேசவில்லை என்றால் அந்த ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செலவு செய்துவிட்டால் அப்புறம் அவர் சொல்கிற நிபந்தனைக்குத் தலையாட்ட வேண்டி வரும்.

என்னைக் கேட்டால் சதவீத ராயல்டியே வேண்டாம். மசாலாவை நீங்கள் அரைத்து பாக்கெட் போட்டு அனுப்புங்கள், உங்கள் வருமானம் அதில் வரட்டும். கிளை எடுத்தவர் வியாபாரத்தை மறைக்கிறாரா என்று தினமும் சந்தேகப்பட வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் எல்லாம். அதன் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து கிளை எடுத்தவர் போர்டை மட்டும் மாற்றிவிட்டு அதே இடத்தில் மீன் குழம்பு விற்றால், 'விற்கக்கூடாது' என்று நீங்கள் எழுதி வாங்கியது பெரும்பாலும் கோர்ட்டில் நிற்காது. மசாலாப் பக்குவம் உங்களிடமே இருந்தால் அவரால் போர்டு மாற்ற முடியும், ருசியைக் கொண்டுபோக முடியாது.

பேரைப் பதிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் இல்லை. டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு, 4,500 ரூபாய். சாப்பாட்டுக் கடைக்கு 43-ஆம் வகுப்பு, மசாலாவுக்கு 30. பதிவானால் 10 வருடம் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. மசாலா அரைக்கிற இடம் வேறென்றால் அதற்கும் வேண்டும்.

வரியில் ஒன்றைக் கவனியுங்கள். காம்போசிஷனில் இருக்கிற ஓட்டல், வேறு சேவை வருமானம் வாங்க வரம்பு உண்டு: முந்தைய வருட வியாபாரத்தில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், எது அதிகமோ அது. உங்களுக்கு சுமார் 5.4 லட்சம். ராயல்டியும் சேவை வருமானம்தான்; உங்கள் அளவுக்கே வியாபாரம் நடக்கும் இரண்டு கிளையின் ராயல்டி சேர்ந்தால் வருடம் 6.48 லட்சம். திட்டத்தை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும், ராயல்டிக்கு 18 சதவீத வரியும் சேரும். கையெழுத்துக்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் மாட்டுகிற இடம்: கடை வாடகை ஒப்பந்தம் 11 மாதம், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் ஐந்து வருடம். பன்னிரண்டாவது மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் யாருடைய நஷ்டம் என்று இரண்டு ஒப்பந்தத்திலும் இருக்காது. நீங்கள் எழுத வையுங்கள்.

பத்தாவது படிப்பைப் பற்றிக் கூச்சமே வேண்டாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு வரியும் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கிண்டியில் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தொழில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. கணக்கு, விலை நிர்ணயம் பற்றிய வகுப்பு இருந்தால் சேர்ந்துவிடுங்கள். நீங்கள் அடுப்பை விட்டு விலகி நிற்கப் பழகும் அந்த மூன்று மாதத்தில் இதற்கும் நேரம் கிடைக்கும்.

முதல் கிளையைத் திருவொற்றியூர்ப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் பக்கத்து ஊர், வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்பிவிடலாம். அவர் சம்மதித்தால் உங்கள் கடையிலேயே ஒரு மாதம் வேலை செய்து பழகச் சொல்லுங்கள். சம்பளம் எழுதிய கணக்கு மூன்று மாதம் சேர்ந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மசாலாவுக்கு என்ன விலை வைக்கலாம் என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.