ஸ்டியரிங் ஆயில் எங்கே போகிறது?

கேள்வி: பழைய டீசல் வண்டி வைத்து டாக்ஸி ஓட்டுகிறேன், பெரும்பாலும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் சவாரி. மாதம் ஒருமுறை பவர் ஸ்டியரிங் ஆயில் குறைகிறது, கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடுகிறது. நிறுத்தின இடத்தில் ஒரு சொட்டு இல்லை. ‘ஓடுற வண்டி ஆயில் குடிக்கத்தான் செய்யும்’ என்கிறார் மெக்கானிக். சரிதானா அண்ணாச்சி?
– வாசகர், குளச்சல்

பதில்: சரியில்லை தம்பி. இஞ்சின் ஆயில் என்றால் எரிந்து புகையாகப் போக வழி இருக்கிறது. ஸ்டியரிங் ஆயிலுக்கு அந்த வழியே கிடையாது, டப்பாவிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ஹோஸ் வழியாக முன்வீல்களைத் திருப்புகிற ரேக், அங்கிருந்து திரும்ப டப்பா என்று அதே ஆயில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் கசிவுதான், வேறு பேச்சே இல்லை. மாதாமாதம் ஊற்றுகிற காசைச் சேர்த்தால் ஒரு சீல் கிட் வாங்கலாம்.

அப்படியானால் சொட்டு எங்கே என்று கேட்பீர்கள். ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை, அதாவது பூட் இருக்கும். உள்ளே சீல் போனால் ஆயில் முதலில் அந்தப் பூட்டுக்குள்தான் தேங்கும், கிளிப் தளர்ந்தோ ரப்பர் கிழிந்தோ போகிறவரைக்கும் தரைக்கு வராது. இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குனிந்து பூட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். காற்றுதான் இருந்தால் லேசாக அமுங்கும், ஆயில் இருந்தால் கொழகொழவென்று உள்ளே நகருவது கைக்கே தெரியும்.

பூட் காய்ந்திருந்தால் பம்பிலிருந்து ரேக்குக்குப் போகிற பிரஷர் லைனைப் பாருங்கள். நம் கடலோர வண்டிகளுக்கு இங்கேதான் தொந்தரவு அதிகம். இரும்புக் குழாயை பாடியோடு பிடித்திருக்கிற கிளிப்புக்கு அடியில் உப்பும் ஈரமும் தங்கி, மேலே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். பிறகு ரப்பர் ஹோஸ் இரும்போடு சேருகிற மடிப்பு. அங்கே கசிவு சொட்டாக இருக்காது, தூசி ஒட்டின கறுப்புப் பிசுக்காக இருக்கும். பனியன் வேஸ்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மறுநாள் சவாரி முடிந்ததும் எது நனைந்திருக்கிறது என்று பாருங்கள். இஞ்சின் ஓடும்போது மட்டும் அந்த லைனைத் தடவிப் பார்க்கக் கூடாது. டயரில் இருக்கிற அழுத்தம் 2 பார் சொச்சம். இதில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது 80, 100 பார் வரைகூட ஏறும், ஊசித் துளை அளவு ஓட்டையிலிருந்து வருகிற ஆயிலே தோலுக்குள் இறங்கிவிடும்.

கசிவை அடைக்கும் மருந்து என்று கடையில் ஒரு குப்பி விற்பார்கள். ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்து நாள் கடத்தும், அவ்வளவுதான். துருப்பிடித்த குழாய்க்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி: அவசரத்துக்கு ஸ்டியரிங் டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றிவிட்டார் தெரிந்தவர். ஓட்டலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஸ்டியரிங் ஆயில் பெட்ரோலிய வகை. ஸ்டியரிங் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் சீல் பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பி, நைந்து போகும். பம்ப் சுற்றாதவரை சேதம் டப்பாவோடு நிற்கும், முழுக்க உறிஞ்சி எடுத்து, டப்பாவைக் கழற்றிக் கழுவி, புது ஆயில் விட்டால் தப்பிக்கலாம். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் முழுச் சுற்றையும் ஃப்ளஷ் செய்ய வேண்டியதுதான். எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். பல வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்), ஹோண்டா போல சில கம்பெனிகளுக்குத் தனி ஆயில். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று வாங்காதீர்கள்.

கேள்வி: வடசேரிப் பக்கம் நெருக்கடியில் ரிவர்ஸ் எடுக்கும்போது ‘ஙொய்ங்’ என்று சத்தம். மழை நாளில் ‘கீச்’ என்றும் கத்துகிறது. பம்ப் போச்சா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் வேறு வேறு. மழையில் கத்துவது அநேகமாக பம்பைச் சுற்றுகிற பெல்ட், நனைந்ததும் வழுக்குகிறது. விரிசல் இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் டென்ஷன் வைத்தால் போதும். ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை பார்க்கிற மாவட்டம் இது, பெல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

‘ஙொய்ங்’ சத்தத்துக்கு டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்து நுரை தள்ளினால் காற்று இழுக்கிறது. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் செத்துவிட்டது. இரண்டும் இல்லாமல் முழுசாக ஒடித்த கடைசியில் மட்டும் சத்தம் வந்தால் அது பிரஷரைத் திறந்துவிடுகிற வால்வு, கோளாறு இல்லை. ஆனால் வீல் முட்டின பிறகும் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால் ஆயில் கொதித்துப்போகும், ஒரு விரற்கடை திருப்பி விட்டுவிடுங்கள். என் கணக்கில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. மாற்றினதும் முன்வீல்களைத் தூக்கி வைத்து, இஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலமுறை சுற்றினால்தான் காற்று வெளியேறும். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்பிவிட்டுப் புதுப் பம்ப் கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: என் ஸ்விஃப்டில் ஸ்டியரிங் ஆயில் டப்பாவே காணோம்!
– வாசகர், தக்கலை

பதில்: இருக்காது. அது மோட்டாரில் இயங்கும் எலெக்ட்ரிக் ஸ்டியரிங். ஸ்டியரிங் கனமாக இருந்தால் முதலில் டயர் காற்று, அப்புறம் பேட்டரி, ஃபியூஸ் பாருங்கள். யாராவது ஆயில் மாற்றினேன் என்று பில் நீட்டினால் எங்கே ஊற்றினாய் என்று கேளுங்கள்.