சீர் யார் பணத்தில் வருகிறது?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம், ஏழாவது மாதம். திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை, சம்பளம் 36,000 ரூபாய். கணவருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 20 மாதங்களுக்கு முன் என் கல்யாணத்துக்காக அப்பா மூன்று வட்டிக்கு வாங்கிய 2 லட்சம் அப்படியே நிற்கிறது. வட்டிக்கென்று மாதம் 6,000 ரூபாயை நான்தான் கணவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். இப்போது வளைகாப்பை மண்டபத்தில் வைக்க வேண்டும், பிரசவச் செலவும் தாய்வீட்டுடையது என்கிறார் மாமியார். அப்பா அதே வட்டிக்கு இன்னொரு ஒன்றரை லட்சம் கடன் கேட்டு வைத்திருக்கிறார். என் நகை 15 பவுன் லாக்கரில் இருக்கிறது. மகப்பேறு காப்பீடு, தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு, இரண்டில் எதை முதலில் எடுப்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஏழாம் மாதத்தில் எடுக்கும் தனிநபர் பாலிசியில், பிரசவச் செலவைக் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் முடிவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்திருக்கும். பிற்காலச் சிகிச்சைக்கென்று தனியார் ரத்த வங்கிகளில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலே பரிந்துரைக்கவில்லை. விற்பவர் காட்டும் வண்ணப் புத்தகத்தில் இது இருக்காது.

என்னை உறுத்துவது அந்த 6,000 ரூபாய். சீர் செய்தவர் அப்பா என்று ஊர் நினைக்கிறது. உங்கள் சம்பளம்தான் ஆண்டுக்கு 36 சதவீத வட்டியில் சுற்றி வளைத்துப் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. இதுவரை 1,20,000 ரூபாய் கட்டியும் அசலில் நூறு ரூபாய்கூடக் குறையவில்லை. புதிய ஒன்றரை லட்சமும் சேர்ந்தால் மாத வட்டி மட்டும் 10,500. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

நகையை அடகு வைக்கச் சொல்லும் ஆள் நானில்லை. இந்த ஒரு முறை சொல்கிறேன். லாக்கர் நகையில் தேவையான அளவை வங்கியில் வைத்து, அப்பாவின் கடனை அசலோடு அடைத்துவிடுங்கள். வங்கி வட்டி பத்து சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், அதே 6,000 ரூபாயை மாதாமாதம் கட்டினால் சுமார் மூன்றேகால் வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கண்ணாடி வளையல் அடுக்க மண்டபம் எதற்கு? வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதத்தோடு முடியுங்கள். பிரசவச் செலவு உங்கள் இருவருடையது. மாதம் ஆளுக்கு 10,000 எடுத்து வைத்தால் மூன்று மாதத்தில் 60,000 சேரும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுக்கும் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவின் பில் பெரும்பாலும் தனியாக வரும். பலர் தடுமாறுவது அங்கேதான். சட்டப்படி 26 வார விடுப்பு சம்பளத்தோடு கிடைப்பதால் தவணை நிற்காது.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், கணவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.