25 மீட்டரில் நெருக்கம், 50 மீட்டரில் சிதறல்: ரைபிள் பேரலைக் குறை சொல்லும் முன்

கேள்வி: "டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். ஸ்கோப் பொருத்திய .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். ரெஸ்ட்டில் வைத்துச் சுட்டால் 25 மீட்டரில் 10 குண்டுகளும் 9 மி.மீ-க்குள் விழுகின்றன. துக்ளகாபாத் ரேஞ்சில் 50 மீட்டரில் அதே தோட்டா 34 மி.மீ வரை சிதறுகிறது. பேரல் தேய்ந்துவிட்டதா, மாற்ற வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கொடுத்த இரண்டு எண்களே பேரலைக் கிட்டத்தட்ட விடுவித்துவிடுகின்றன.

பேரல் தேய்மானம், மசில் கிரவுனில் (குண்டு வெளியேறும் குழல்வாய் விளிம்பு) அடி, தளர்ந்த ஆக்‌ஷன் ஸ்க்ரூ (ரைபிளின் இயங்குபகுதியை ஸ்டாக் என்னும் கட்டையோடு இறுக்குவது), ஆடும் ஸ்கோப் மவுன்ட் எல்லாம் கோணப் பிழைகள். தூரம் இரண்டு மடங்கானால் சிதறலும் இரண்டு மடங்காகும், அதற்கு மேல் போகாது. 25-ல் 9 என்றால் 50-ல் 18 மி.மீ வரலாம். உங்களுக்கு வருவதோ 34. தொடர்பில்லாத பிழைகள் வர்க்கமாகத்தான் கூடும் என்பதால், மிச்சத்தை 34-இலிருந்து 18-ஐக் கழித்துப் பார்க்கக் கூடாது. 34-இன் வர்க்கத்திலிருந்து 18-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 29 மி.மீ. 25 மீட்டரில் தலைகாட்டாமல் 50 மீட்டரில் 29 மி.மீ சேர்க்கும் ஏதோ ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் அளவைச் சரிபாருங்கள். ஓட்டைகளின் வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை அளந்திருந்தால் குண்டின் விட்டமான 5.6 மி.மீ-ஐக் கழித்து, மையத்துக்கு மையம் கணக்கிட வேண்டும். கழிக்காவிட்டால் விகிதமே பொய்யாகிவிடும். இரு தூரத்திலும் ஒரே எண்ணிக்கையில் சுடுவதும் முக்கியம். அதே ரைபிள், அதே தோட்டா என்றாலும் 10 குண்டு குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழுந்த பரப்பு) சராசரியாக 5 குண்டு குரூப்பைவிடக் கால்வாசி பெரிதாகத்தான் இருக்கும். ஒரே ஒரு குரூப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தூரத்திலும் நான்கைந்தாவது சுடுங்கள்.

முதல் சந்தேகம் ஸ்கோப்பின் பேரலாக்ஸ் மீது, அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்ந்ததுபோலத் தெரியும் பிழை மீது. காசு செலவில்லாத சோதனை என்பதால் இதை முதலில் முடித்துவிடலாம். பேரலாக்ஸ் வளையம் 25-இல் நிற்க, அப்படியே 50 மீட்டர் லேனுக்குப் போயிருந்தால், 40 மி.மீ முன்லென்ஸ் உள்ள ஸ்கோப்பில் கண் ஓரத்துக்கு நகரும்போது குறி 20 மி.மீ வரை தவறும். இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20. கண் பாதியளவு நகர்ந்தாலே 10 மி.மீ. கன்னம் ஸ்டாக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியாதவர்களுக்கு இது போதும், குரூப் கெட்டுப்போகும். சேம்பர் (தோட்டா இருக்கும் அறை) காலி என்று உறுதி செய்து, ரைபிளை மணல் பைகளில் அசையாமல் வையுங்கள். கையால் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கம்பி டார்கெட் மேல் நகர்ந்தால் பேரலாக்ஸ்தான். நகர்வு நிற்கும்வரை வளையத்தைத் திருப்புங்கள். வளையத்தில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம், பல ஸ்கோப்களில் அது தோராயம்தான். வளையமே இல்லாத ஸ்கோப் என்றால், ரிம்ஃபயருக்கானவை (.22 போன்ற சிறு தோட்டா ரைபிள்கள்) பொதுவாக 50 கெஜத்துக்கும் பெரிய ரைபிளுக்கானவை 100 கெஜத்துக்கும் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருக்கும்.

அது சரியாக இருந்தால் குரூப்பின் வடிவத்தைப் பாருங்கள். படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் காற்று அல்லது ரைபிளின் சாய்வு. செங்குத்தாக நீண்டிருந்தால் பெரும்பாலும் தோட்டாவின் வேகம். வட்டமாகப் பரவியிருந்தால் மேலே சொன்ன பேரலாக்ஸுக்கே திரும்பிப் போங்கள். கடிகார முகத்தில் 10 மணியிலிருந்து 4 மணிக்குச் சாய்கோடாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம், காற்று. வலச்சுழல் பேரலில் (குண்டை வலப்பக்கமாகச் சுழற்றி அனுப்புவது) வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். இடமிருந்து வருவது வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்கும்.

.22-ஐப் பொறுத்தவரை காற்றுதான் பெரிய வில்லன். வினாடிக்கு 330 மீட்டர் அளவில் கிளம்பும் 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டை, வினாடிக்கு 1 மீட்டர் குறுக்குக்காற்று 50 மீட்டரில் சுமார் 6 முதல் 7 மி.மீ நகர்த்தும். 25 மீட்டரில் இது நாலில் ஒரு பங்குதான். அதனால்தான் அங்கே உங்கள் கண்ணில் படவில்லை. காற்று வினாடிக்கு 4 மீட்டர் ஏறி இறங்கினால் 26 மி.மீ ஆச்சு, நாம் தேடும் 29 கிட்டத்தட்ட வந்துவிட்டது. துக்ளகாபாதில் சுடும் இடத்துக்கு மேலே கூரை இருக்கிறது, அதைத் தாண்டினால் வானம். நிழலில் நின்றுகொண்டு காற்றே இல்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். 50 மீட்டர் லேனில் 10, 30 மீட்டர்களில் காற்றுக்கொடிகள் நிற்கும். 10 மீட்டர் கொடியை அதிகம் மதியுங்கள். தொடக்கத்திலேயே திசை மாறிய குண்டு மிச்சத் தூரம் முழுக்க அந்தக் கோணத்திலேயே போகும். ஒரே கொடி நிலைக்காகக் காத்திருந்து 10 குண்டு சுடுங்கள், பிறகு கொடியைப் பார்க்காமல் 10 சுடுங்கள். வித்தியாசமே பதில் சொல்லிவிடும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெயில் ஏறியபின் லூ எனும் அனல்காற்று அடிக்கும் நேரத்தில் ரைபிளைச் சோதிப்பது வீண் வேலை, காலை முதல் ஷிஃப்டில் முடித்துவிடுங்கள். குளிர்காலக் காலைகளில் காற்று அமைதியாக இருக்கும், ஆனால் பனிமூட்டம் குறியை மறைத்துவிடும்.

அடுத்தது தோட்டா. ஒரு குண்டு வினாடிக்கு 320 மீட்டரிலும் அடுத்தது 335-இலும் கிளம்பினால், 50 மீட்டரில் இரண்டுக்கும் நடுவே உயரத்தில் ஏறக்குறைய 11 மி.மீ வித்தியாசம் வரும். 25-ல் 3 மி.மீ-க்கும் குறைவு. குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் 20 தோட்டாக்களை அளந்து பாருங்கள். போட்டிக்கான நல்ல மேட்ச் லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதி) 10 தோட்டாக்களின் வேக வித்தியாசம் வினாடிக்கு 10 மீட்டர் அளவில் நிற்கும். மலிவான தோட்டாவில் இதைப்போல் இரண்டு மடங்கு போனாலும் ஆச்சரியமில்லை. ஒரே பிராண்டிலும் லாட்டுக்கு லாட் மாறும். பெட்டியில் அச்சிட்ட லாட் எண் ஒன்றாக இருக்கட்டும், மிச்சம் மீதிகளைக் கலந்து சுட வேண்டாம். மே மாதத்தில் காருக்குள் தோட்டாவை வைத்துவிட்டுப் போகாதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். இரண்டும் வேகத்தைப் பாதிக்கும்.

"ஹை வெலாசிட்டி" என்று எழுதிய பெட்டி என்றால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. வினாடிக்கு 370, 380 மீட்டரில் கிளம்பும் அந்தக் குண்டு, 50 மீட்டரை நெருங்கும்போது ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும். அந்த இடத்தில் தள்ளாடும். வேகமான குண்டைக் காற்று குறைவாகத்தான் நகர்த்தும் என்று நினைக்கத் தோன்றும். .22-இல் நேர்மாறு. ஒலிவேகத்தை ஒட்டி இழுவை எகிறுவதால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியைவிட (ஒலியைவிட மெதுவாகக் கிளம்பும் சாதாரணத் தோட்டா) இது அதிகமாக நகரும்.

ரைபிள் சாய்வதும் தூரத்தோடு வர்க்கமாகப் பெருகும். 50 மீட்டருக்குள் குண்டு பேரல் கோட்டிலிருந்து சுமார் 12 செ.மீ விழுகிறது. ரைபிள் 5 டிகிரி சாய்ந்தால் குறி 1 செ.மீ பக்கவாட்டில் போகும். ஒவ்வொரு குண்டுக்கும் சாய்வு மாறினால்தான் குரூப் விரியும், ஒரே சாய்வாக இருந்தால் மையம் மட்டும் நகரும். ஸ்கோப் குழாயில் ஒரு சின்னக் குமிழி லெவல் போட்டால் தீர்ந்தது.

ஸ்கோப் இல்லாமல் டயாப்டர் சைட்டில் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) சுடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ, 50 மீட்டரில் 112.4 மி.மீ. கண்ணுக்கு 50 மீட்டர் கறுப்பு முக்கால்வாசியாகத்தான் தெரியும். ஏர் ரைபிளில் பழகிய முன்சைட் வளையத்தையே போட்டால் சுற்றி வெள்ளை அதிகமாகி, நடுவை நிதானிக்க முடியாது. ஒன்றிரண்டு அளவு சிறியதைப் போட்டுப் பாருங்கள். ரொம்பச் சிறிதாக்கினாலும் வளையமும் கறுப்பும் ஒட்டிக்கொள்ளும். தவறு செய்வதானால் பெரிய பக்கம் செய்யுங்கள்.

இத்தனையும் சரி என்றான பிறகு, 25 மீட்டர் குரூப்பே விரிந்திருந்தால் மட்டும் ரைபிளைத் தொடலாம். ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்சில், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். பல மேட்ச் ரைபிள்களுக்கு அது 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். கைக்கணக்கு வேண்டாம். .22-இல் சேம்பர் முடிகிற இடத்தில் கரி வளையம் கட்டும், சும்மா பேட்ச் (துணித்துண்டு) விட்டால் போகாது. சால்வென்ட்டில் ஊறவைத்து, ராட் கைடு போட்டு, பின்பக்கத்திலிருந்தே ராடை விட வேண்டும். மசில் பக்கத்திலிருந்து விட்டால் கிரவுன் உரசும். சுத்தம் செய்த பேரல் நிதானத்துக்கு வர 10 முதல் 20 குண்டு வரை பிடிக்கும், அவற்றை அளவில் சேர்க்காதீர்கள்.

கிரவுனை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கரி சமமான பூப்போலப் படிந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நீண்டு கிழிந்தாற்போல இருந்தால் அங்கே கேஸ் ஒழுங்கில்லாமல் வெளியேறுகிறது. அதை நீங்களாக அரைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணிமனையில் லேத்தில் வெட்டித் தருவார்கள், போகும்போது உங்கள் ஆயுத உரிமத்தைக் கையில் எடுத்துப் போங்கள்.