பேஸ் வரவில்லையா? முதலில் ரப்பரைப் பாருங்கள்

கேள்வி: குரோம்பேட்டையிலிருந்து பூங்கா நிலையம் வரை தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். பாட்டும் கற்றுக்கொள்கிறேன். ரிச்சி தெருவில் 1,600 ரூபாய்க்கு வயர் உள்ள இன்-இயர் இயர்ஃபோன் ஒன்று வாங்கினேன். முதல் நாளே ஏமாற்றம். பேஸ், அதாவது தாழ்ந்த அடி ஒலி, துளியும் இல்லை. பாடுபவரின் குரல் காதைக் குத்துகிறது. இடது பக்கம் ஒலி கொஞ்சம் குறைவு. காதில் வைக்கும்போது ‘படக்’ என்று ஒரு சத்தம் வேறு. கடைக்காரரைக் கேட்டால், “ஐம்பது மணி நேரம் ஓடவிடுங்கம்மா, தானா செட் ஆயிடும்” என்கிறார். மாற்றிக்கொள்ள இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. காத்திருக்கவா, மாற்றிவிடவா?

பதில்: முடிவெடுக்க நான்கு நாள் தாராளம். ஆனால் அந்த நான்கு நாளும் இயர்ஃபோனைப் பாடவிட்டு மேசை மேல் போட்டுவைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் முதல் மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். காதுக்குள் போகும் அந்தச் சின்ன சிலிக்கோன் ரப்பர்தான் அது. பெட்டியில் மூன்று அளவு இருந்திருக்கும். நடுத்தர அளவை மாட்டியே கொடுத்திருப்பார்கள். மற்ற இரண்டு ஜோடியும் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் கிடக்கிறது.

ரப்பருக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று சொல்கிறேன். வீட்டு ஸ்பீக்கர் அறைக் காற்று முழுவதையும் அசைத்தாக வேண்டும். இன்-இயருக்குள் ஒலியை எழுப்பும் பத்து மி.மீ. டிரைவருக்கு அந்த வேலை கிடையாது. ரப்பருக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபட்ட துளிக் காற்றை அழுத்தித் தளர்த்தினால் போதும், அடி ஆழம் வரைக்கும் பேஸ் வந்துவிடும். ஆனால் அந்தக் காற்று அடைபட்டிருக்க வேண்டும். சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துபோனால் எத்தனை முறை அடித்தாலும் ட்யூப் ஏறாது அல்லவா, அந்தக் கதைதான் இங்கேயும். ரப்பரின் ஓரத்தில் ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிகள் அந்த வழியே வெளியேறிவிடும். வேகமாக அசையும் உயர்ந்த ஒலிகள் தப்பிக்க நேரமில்லாமல் உள்ளேயே நிற்கும். பேஸ் போய்விட்ட குரல் மெலிந்து, முனை வைத்ததுபோல் கேட்கும். கசிவு ஒரு காதில் மட்டும் என்றால் அந்தப் பக்கம் ஒலி குறைந்ததாகத் தோன்றும்.

நானே இதில் ஏமாந்தவன். சபாக் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வதுதான் என் தொழில், காது விஷயத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சில வருஷம் முன்பு வாங்கிய ஓர் இன்-இயரை ஒரே நாளில் ‘தகர டப்பா’ என்று முடிவுகட்டி என் அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவன் வீட்டில் அதையே எடுத்துக் கேட்டேன், ஆளே மாறியிருந்தது. அவன் செய்தது பெரிய ரப்பரை மாட்டியது மட்டும்தான். திருப்பிக் கேட்க மனசு வரவில்லை.

சரி, எப்படி மாட்டுவது? முதலில் இயர்ஃபோனின் வயர் எப்படி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். கொக்கிபோல் வளைந்திருந்தால், அது காதுக்கு மேலே ஏறிப் பின்பக்கமாக இறங்க வேண்டிய வகை. நேராகத் தொங்கவிட்டால் கோணம் தப்பிவிடும், ரப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கண்ணாடி போடுபவர் என்றால் வயரை முதலில் மாட்டிவிட்டு அதன் மேல் கண்ணாடி. மாட்டல் போட்ட ஜிமிக்கியோடு இதை முயலாதீர்கள், எது எதில் சிக்கியது என்று பிரிப்பதற்குள் ரயில் மாம்பலம் தாண்டிவிடும்.

இடது காதுக்கு, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலேயும் பின்னேயும் மெல்ல இழுங்கள். வளைந்திருக்கும் காதுக் குழாய் கொஞ்சம் நேராகும். அப்போது இடது கையால் இயர்ஃபோனை லேசாகத் திருகியபடி உள்ளே வையுங்கள். இழுத்த காதை விட்டதும் அதுவே ரப்பரைப் பிடித்துக்கொள்ளும்.

அடைப்பு சரியா என்று பார்க்க உங்களிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது, உங்கள் தொண்டை. பாட்டு எதையும் ஓடவிடாமல், வாயை மூடிக்கொண்டு உங்கள் ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, முனகிப் பிடியுங்கள். நன்றாக அடைபட்ட காதில் அது தலைக்குள் முழங்கும், ஏனென்றால் எலும்பு வழியே வரும் உங்கள் குரலுக்கு வெளியே போக வழியில்லை. வலது பக்கம் முழக்கமும் இடது பக்கம் சாதாரணமாகவும் இருந்தால் கசிவது இடதுதான். அந்தப் பக்கம் பெரிய ரப்பரைப் போடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று சட்டம் எதுவும் இல்லை, பலருக்கு இரண்டும் வேறு வேறுதான். ரப்பர் நழுவி வெளியே வந்தால் சின்னதுக்கு மாற்றத் தோன்றும். பல சமயம் பெரியதுதான் நிற்கும். வலித்தால் மட்டும் சின்னதுக்குப் போங்கள்.

இதைச் செய்த பிறகும் இடது பக்கம் குறைவு என்றால், அடுத்த சந்தேகம் போன். போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளுக்குள் இடது வலது ஒலிச் சமநிலைக்கு ஒரு கோடு இருக்கும். எப்போதோ கைபட்டு நகர்ந்திருக்கலாம். அப்புறம் வீட்டில் உள்ள வேறு ஓர் இயர்ஃபோனைச் செருகி, தம்புரா ஆப்பை ஓடவிடுங்கள். தம்புரா நெற்றிக்கு நடுவில் நின்றால் காதிலும் போனிலும் குறையில்லை, குறை புது இயர்ஃபோனில்தான். யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதிலும் இடது குறைவாகவே கேட்டால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

‘படக்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ரப்பர் உள்ளே போகும்போது காற்று அழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய சவ்வு ஒரு நொடி மடங்கி நிமிர்கிறது, அவ்வளவுதான். மலிவு, விலை கூடியது என்ற பேதமில்லாமல் பல இன்-இயர்களில் இது உண்டு. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு பக்கம் ஒலி மங்கி, கழற்றி மாட்டினால் திரும்பி வருகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள்.

இனி குத்துகிற குரலுக்கு வருவோம். ரப்பரைச் சரிசெய்த பின்னும் குத்தினால் அது உண்மையான குறை. சுமார் இரண்டரை செ.மீ. நீளமுள்ள நம் காதுக் குழாய், ஒரு பக்கம் மூடிய புல்லாங்குழல்போல, 3,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3,000 அதிர்வு) பக்கத்தில் வரும் ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. பிறந்ததிலிருந்து எல்லாக் குரலையும் அந்த ஏற்றத்தோடுதான் கேட்டுவருகிறோம். குழாயில் ரப்பரை அடைத்ததும் அந்த ஏற்றம் இடம் மாறிப்போகிறது. தயாரிப்பாளர்தான் அதை இயர்ஃபோனுக்குள் திருப்பி வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் பாடகர் பக்கவாத்தியத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். கூடுதலாக வைத்தால் கத்துவார். எவ்வளவு வைத்தால் பெரும்பாலோர்க்குப் பிடிக்கும் என்று ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவர் குழுவும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி ஒரு வளைகோடு வரைந்தார்கள். இன்று ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ரூபாய்க்கு வரும் பல சீனத் தயாரிப்புகள் அதை ஒட்டியே செய்யப்படுகின்றன. மலிவு விலையில் நல்ல ஒலி கிடைப்பதன் ரகசியம் இதுதான். இதே விலையில் வயர் இல்லாதது என்றால் பேட்டரிக்கும் சிப்புக்கும் மைக்குக்கும் காசு பிரிந்துபோகும்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இன்னும் வேடிக்கை. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு எதையும் அவரால் காண முடியவில்லை. ஆகவே ‘1,600 ரூபாய்க்கு இவ்வளவுதான் வரும்’ என்று உங்களை நீங்களே சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். பெட்டி மேல் ஆறு டிரைவர், நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதையும் பொருட்படுத்த வேண்டாம். மனிதக் காது எட்டுவது 20,000 வரைதான், அதுவும் இளவயதில்.

கேட்டுப் பார்ப்பதற்கு முன் போனில் டால்பி, பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் என்று ஒலியை மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முதல் சோதனைக்கு இசையே வேண்டாம். ஒரு தமிழ்ச் செய்தி வாசிப்பை இரண்டு நிமிடம் கேளுங்கள். ‘செய்திகள்’, ‘அரசு’, ‘சென்னை’ என்று சகரம் வரும் இடமெல்லாம் ஊசிபோல் இழுத்தால், ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே எங்கோ அளவுக்கு மீறித் தூக்கிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு வாரத்தில் அது ஓரளவு பழகிப்போகும். ஆனால் நீங்கள் பாட்டு கற்பவர், பழகிப்போவது உங்களுக்கு நல்லதில்லை.

இரண்டாவது சோதனைக்கு மிருதங்கம். நல்ல பதிவாக ஒரு தனி ஆவர்த்தனம், அதாவது கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, போதும். சாதாரணமாகத் தோல் வாத்தியத்தில் ஒரே தட்டலில் அடிச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது, அதனால்தான் பல கொட்டுகளில் சுருதி பிடிபடுவதில்லை. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் நடுவே இருக்கும் கறுப்புப் பூச்சு அந்த மேல்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் இதை எழுதினார். நோபல் பரிசுக்குப் பத்து வருஷம் முன்பு! உங்கள் இயர்ஃபோனில் வலந்தலையின் ‘நம்’ சுருதியோடு நிற்கிறதா, வெறும் ‘டக்’ என்று போகிறதா? இடது பக்கமான தொப்பியில் கையை அழுத்தி இழுத்துக் கும்கி கொடுக்கும்போது ஒலி வழுக்கி ஏறுவதை உங்களால் பின்தொடர முடிகிறதா, எல்லாம் சேர்ந்து ஒரே ‘தும்’ ஆகிவிடுகிறதா? இவை இரண்டும் தேறினால் அந்த இயர்ஃபோனை வைத்துக்கொள்ளலாம். அறுபது எழுபது வருஷப் பழைய கச்சேரிப் பதிவுகளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அவற்றில் மேல் ஒலிகள் ஏற்கெனவே தேய்ந்தவை, எந்த இயர்ஃபோனும் அதில் மென்மையாகத்தான் கேட்கும்.

சோதனை வீட்டில், ராத்திரியில் நடக்கட்டும். ரயிலின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி, பாட்டின் பேஸை அது விழுங்கிவிடும். கடையிலும் அப்படித்தான். ரிச்சி தெருவின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கூர்மையான இயர்ஃபோன்தான் ‘கிளியராக’ இருப்பதாகத் தோன்றும், வீட்டுக்கு வந்தால் அதுவே தலைவலி. பழைய இயர்ஃபோனோடு ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். ஒரு புள்ளி கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே கேட்கும்.

ஐம்பது மணி நேரக் கதை? அளந்து பார்த்தவர்கள் கண்ட மாற்றம் மிகச் சொற்பம். இயர்ஃபோனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது வரும் வித்தியாசமே அதைவிட அதிகம். ‘செட்’ ஆவது பெரும்பாலும் நம் மூளைதான். கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்ல மாட்டேன், அவரே அதை நம்பியிருக்கலாம். ஆனால் இடைவிடாமல் ஓடவிட்டாலும் ஐம்பது மணி நேரம் முடியும்போது மாற்றும் கெடுவில் பாதி போயிருக்கும்.

நல்ல அடைப்பு கிடைத்தால் இன்னொரு லாபம், ரயிலில் வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் நான்கே மணி நேரம். பத்து டெசிபல் ஏறியதற்குப் பத்தில் ஒரு பங்கு நேரம்! நடைமேடையிலும் தண்டவாளம் பக்கத்திலும் இரண்டையும் கழற்றிவிடுங்கள், இவ்வளவு அடைத்த காதில் ரயில் வருவது கேட்காது.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு எச்சரிக்கை. குளித்த ஈரத்தோடு மாட்டினால் காதில் பூஞ்சை வர வழிசெய்துகொடுப்பீர்கள். வாரம் ஒருமுறை ரப்பரை மட்டும் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ரப்பர் மாட்டும் முனையில் இருக்கும் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டுங்கள். சில மாதம் கழித்து ‘ஒரு பக்கம் போயிடுச்சு’ என்று சொல்ல வைப்பது பெரும்பாலும் அந்த வலையில் சேரும் அழுக்குதான்.

இன்று ராத்திரி ரப்பர், நாளை செய்தியும் மிருதங்கமும். அதற்குப் பிறகும் சகரம் குத்தினாலோ, தம்புரா ஒரு பக்கம் சாய்ந்தாலோ பெட்டி, பில், மீதி ரப்பர்கள் எல்லாவற்றோடும் கடைக்குப் போங்கள். ஞாயிறன்று ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், உங்கள் நான்கு நாளில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.